பங்காளிகள் ஏழு பேர், ஒரு செட்டிநாட்டு வீடு: விடுதியாக்கலாமா, விட்டுவிடலாமா?

#1 வளவுவீட்டுப்பேரன்

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பூர்விக வீடு இருக்கிறது. 1920களில் கட்டியது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்), இரண்டாங்கட்டு (அடுத்த முற்றப் பகுதி), அதற்குப் பின்னால் அடுப்படிக் கட்டு, கிணற்றடி. ஒரு தெருவில் நுழைந்து அடுத்த தெருவில் வெளியேறும் வீடு என்றால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் புரிந்துவிடும். ஐயாவின் ரங்கூன் கொடுக்கல் வாங்கல் 1942இல் ஜப்பான்காரன் வந்ததோடு நின்றுபோனது. அதற்கப்புறம் இந்த வீட்டில் யாரும் புதிதாக ஓர் ஆணி அடித்ததாகக்கூடத் தெரியவில்லை.

இப்போது பங்கு ஏழு. இரண்டு பேர் கோலாலம்பூரில், மூன்று பேர் சென்னையில், ஒருவர் மதுரையில், நான் கோவையில். முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் கூடுகிறோம். மற்ற நாளில் காவல்காரரும் அவர் மனைவியும்தான். இரண்டாங்கட்டு மூலையில் ஒழுகுகிறது.

ஒரு பெரியப்பா மகன் விற்றுவிடலாம் என்கிறார். மர வியாபாரி ஒருவர் வந்து தூணையெல்லாம் சுற்றளவு எடுத்துக்கொண்டும் போய்விட்டார். இன்னொரு பக்கம் ஒரு ஹோட்டல் நிறுவனம் 25 வருடக் குத்தகைக்குக் கேட்கிறது. எனக்கு நாமே பத்து அறை வைத்து நடத்தினால் என்ன என்று ஓர் ஆசை. எங்கே தொடங்குவது? பத்து அறை, பத்துக் குளியலறை சாத்தியமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

#2 கூரைமேல்காக்கை

அறை எண்ணிக்கை அப்புறம். முதலில் கூரை.

நீங்கள் சொல்லும் அந்த மூலை எனக்குப் பார்க்காமலே தெரியும். வளவைச் சுற்றி நாலு பக்கமும் கூரை உள்நோக்கிச் சரிகிறது அல்லவா, இரண்டு சரிவும் சந்திக்கும் இடத்தில் இரண்டு பக்கத்துத் தண்ணீரும் சேர்ந்து இறங்கும். அங்கே அடியில் ஒரு தகடு போட்டிருப்பார்கள். வசதியான வீடுகளில் செம்பு. செம்பாக இருந்தால் இந்நேரம் யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள், தகரமாக இருந்தால் துரு தின்றிருக்கும். மேலே நாட்டு ஓடு அடுக்கடுக்காகக் கிடப்பதால் வெளியே இருந்து ஒன்றும் தெரியாது. ஒழுகும் நீர் நேராக, ஓடுகளைத் தாங்கும் சாய்வு மரமான மூலைக் கைமரத்தில் இறங்கி, அது சுவரில் உட்காரும் இடத்தில் தங்கிவிடும்.

சோதனை எளிது. மழை நின்ற மறுநாள் ஏணி போட்டு ஏறுங்கள். கைமரத்தின் முனையில் ஒரு ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்துங்கள். நல்ல பர்மா தேக்கில் நுனிகூட இறங்காது, கை வழுக்கும். இறங்கினால், எவ்வளவு தூரத்துக்கு இறங்குகிறது என்று ஒவ்வோர் அங்குலமாகப் பின்னால் வந்து பாருங்கள். பெரும்பாலும் ஓரடி, ஒன்றரை அடிதான் போயிருக்கும். அந்த முனையை மட்டும் சாய்வாக வெட்டி, பழைய தேக்கிலேயே ஒட்டுப் போடத் தெரிந்த ஆசாரிகள் இன்னும் இருக்கிறார்கள். முழு மரத்தையும் மாற்றச் சொல்கிறவரை உடனே நம்பாதீர்கள். இறக்கிய மரம் எங்கே போகிறது என்று கேளுங்கள்.

ஓடுகளை எல்லாம் ஒரே நேரத்தில் பிரிக்க விடாதீர்கள். ஒரு சரிவைப் பிரித்து, மேய்ந்து, முடித்துவிட்டு அடுத்தது. பழைய ஓடுகளை விரலால் சுண்டினால் நல்லது கணீர் என்று கேட்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். நல்லதைத் தனியாக அடுக்கி வைத்தால் பாதிக்கு மேல் திரும்பப் போடலாம். எதுவானாலும் ஐப்பசி மழைக்கு முன்னால் முடியாத வேலையைத் தொடங்கக் கூடாது.

ஓட்டு மேல் சிமெண்ட் கலவை பூசினால் ஒழுகல் நிற்கும் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு கோடை தாங்கும். அப்புறம் எடையும் கூடி, ஒழுகலும் திரும்பி வரும்.

#3 பத்திரப்புலி

கூரைக்கும் முன்னால் பத்திரம். தம்பி "ஏழு பங்கு" என்கிறார். யார் கணக்கு? அத்தைமார் அதில் இருக்கிறார்களா?

நம் மாநிலத்தில் 1989 மார்ச் 25 முதலே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை வந்தது, ஆனால் அன்றைக்கு முன்னால் கல்யாணம் ஆனவர்களுக்கு இல்லை. 2005இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டை எடுத்துவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா வழக்கில், 2005இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம்கூட இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவான பாகப்பிரிவினை இருந்தால் கதை வேறு. வாய்ப்பேச்சில் "அவளுக்குச் சீர் செய்தாகிவிட்டது" என்பது செல்லாது. இதைத் தீர்க்காமல் வீட்டில் பணம் போட்டால், வேலை முடிந்து விளக்கு எரியும் நாளில்தான் வக்கீல் நோட்டீஸ் வரும். அதற்கு முன் எவரும் அனுப்ப மாட்டார்கள், ஏனென்றால் அதுவரை பங்கு கேட்க அங்கே ஒன்றும் இல்லை.

மலேசியாவில் இருப்பவர்கள் பவர் கொடுப்பதாக இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்க வேண்டும். பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பலர் தூதரக முத்திரையோடு பீரோவில் வைத்துவிட்டு ஆறு மாதம் கழித்து எடுத்து வருகிறார்கள்.

குத்தகைக்கு விடுவதானால்: ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை கட்டாயம் பதிவாக வேண்டும். வாடகைத் தொகையைவிட நான்கு விஷயம் முக்கியம். எதையெல்லாம் இடிக்கக் கூடாது என்று படத்தோடு இணைப்பு, பராமரிப்பு யார் பொறுப்பு, அவர்கள் அந்தக் குத்தகையை வைத்து வங்கியில் கடன் வாங்கலாமா, 25 வருடம் கழித்து அவர்கள் கட்டிய குளியலறையும் குளமும் யாருடையது.

#4 வளவுவீட்டுப்பேரன்

அத்தைமார் இரண்டு பேர். ஏழில் அவர்கள் இல்லை. இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது, ஆனாலும் நன்றி அண்ணே. பழைய பாகப்பிரிவினை எதுவும் பதிவானதாகத் தெரியவில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறேன்.

சுவரைப் பற்றியும் யாராவது சொல்லுங்கள். கீழ்ப்பகுதியில் மூன்றடி உயரத்துக்கு உப்புப் பூத்து உதிர்கிறது. அங்கே சித்தப்பா பத்து வருடத்துக்கு முன் சிமெண்ட் பூச வைத்தார்.

#5 சுண்ணாம்புக்காளவாய்

அதனால்தான் உப்பு.

அந்தக் காலச் சுவருக்கு ஈரத்தைத் தடுக்கும் தளவரிசை கிடையாது. தரையின் ஈரம் செங்கல் வழியே மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சாக இருந்தால் ஏறிய ஈரம் சுவர் முகத்திலேயே ஆவியாகிப் போய்விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் நிற்காது, சிமெண்ட் முடியும் உயரத்துக்கு மேலே போய் வெளிவரப் பார்க்கும். போகிற போக்கில் கரைத்துக்கொண்டு வந்த உப்பு அங்கே படிகமாகி, பூச்சையும் செங்கல் முகத்தையும் உள்ளிருந்து தள்ளி உடைக்கும். மூன்றடிக்கு மேலே உதிர்கிறதா, கீழே உதிர்கிறதா என்று பாருங்கள். சிமெண்ட் விளிம்பை ஒட்டி மேலேதான் இருக்கும்.

செய்ய வேண்டியது: சிமெண்ட்டைப் பொறுமையாகக் கொத்தி எடுப்பது (டிரில் மெஷின் வேண்டாம், செங்கல் முகம் போய்விடும்), சுவரை ஒரு கோடை முழுக்கக் காய விடுவது, உப்பைத் துடைப்பத்தால் தட்டி எடுப்பது. தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளே போகும். அப்புறம் சுண்ணாம்பும் மணலும். அந்தச் சுவரை ஒட்டி வெளியே தண்ணீர் தேங்குகிறதா என்றும் பாருங்கள். முக்கால்வாசி நேரம் தெருவுக்குப் புதிதாக சிமெண்ட் ரோடு போட்டு, வீட்டுத் தரையைவிட ரோடு உயர்ந்திருக்கும்.

வளவுப் பத்தியில் (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில்) முட்டை வெள்ளைக்கருப் பூச்சு இருக்கிறதா? கை வைத்தால் குளிர்ச்சியாக, வெள்ளைச் சலவைக் கல்லைத் தொடுவது போல இருக்கும். அதன் மேல் யாரும் எமல்ஷன் அடித்திருக்காவிட்டால் நீங்கள் கொடுத்துவைத்தவர். கிளிஞ்சல் சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, வடிகட்டி, கடைசிப் பூச்சில் வெள்ளைக்கரு சேர்த்து, கூழாங்கல்லால் தேய்த்துத் தேய்த்து எடுத்த பளபளப்பு அது. அடியில் இருக்கும் பூச்சுகளில் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் போயிருக்கும். ஈரத்துணியால் துடைத்தாலே போதும். பெயிண்ட் கடைக்காரர் பேச்சைக் கேட்டு ஒரு பிரைமர் அடித்துவிட்டால், நூறு வருடப் பூச்சைத் திரும்பப் பெற முடியாது.

#6 தெக்கத்திக்காண்ட்ராக்டர்

எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. களத்தில் நிற்பவனாகச் சொல்கிறேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இந்தச் சுற்றுவட்டாரத்தில் விரல் விட்டு எண்ணலாம். அவர்களும் ஒரு விடுதி வேலையில் மாட்டினால் வருடக்கணக்கில் வர மாட்டார்கள். சிமெண்ட்டில் ஒரு வாரத்தில் முடிகிற சுவர், சுண்ணாம்பில் ஒவ்வொரு பூச்சாகக் காயக் காத்திருக்க வேண்டும். வேலையில்லாத நாளிலும் சாரத்துக்கு வாடகை ஓடும். வீட்டுக்காரர் முதல் மாதம் "பாரம்பரியம்" என்பார், நாலாவது மாதம் "எப்போது முடியும்" என்பார். எல்லா வீட்டையும் காட்சியகம் ஆக்க முடியாது. புதிதாகக் கட்டும் பகுதிக்கு சிமெண்ட்டே போதும் என்பது என் கருத்து.

#7 சுண்ணாம்புக்காளவாய்

புதிதாகக் கட்டும் பகுதிக்கு சிமெண்ட் போடுங்கள், யார் வேண்டாம் என்றார்கள்? பழைய சுவரோடு அதைக் கட்டிப் போடாமல் இடைவெளி விட்டுத் தனியாக நிறுத்துங்கள். பழைய சுவர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் லேசாக அசைந்து கொடுக்கும், கான்கிரீட் கொடுக்காது. இரண்டையும் பிணைத்தால் சேர்ந்த இடத்தில் விரிசல் விழும்.

நேரம் பிடிக்கும் என்பது உண்மைதான். சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டுதான் திரும்பக் கல்லாகும், அதை விரட்ட முடியாது. ஆனால் கால அட்டவணையைச் சுவருக்கு ஏற்றபடி போடலாமே. கூரை வேலை நடக்கும்போதே சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறப் போட்டுவிடுங்கள். ஊற ஊறத்தான் அது நன்றாக வரும். ஒரு முன்னெச்சரிக்கை: சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதிக்கும், தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் சித்தாளை அருகில் நிற்க விடாதீர்கள். கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

#8 சாவிக்கொத்து_ஆச்சி

நான் இந்தக் குழுவில் படிப்பதோடு சரி, எழுதுவதில்லை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எங்கள் பிறந்த வீட்டை ஒரு நிறுவனத்துக்குக் குத்தகைக்கு விட்டோம். ஒப்பந்தத்தில் வாடகை, வரி, வெள்ளையடிப்பு எல்லாம் இருந்தது. படைப்பு இல்லை. யாருக்கும் அதை எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை, ஏனென்றால் அது எங்களுக்கு மூச்சு விடுவதைப் போல.

அடுத்த வருடம் தேதி குறித்துவிட்டுப் போனால், முன்னோரைக் கும்பிடும் அறையான சாமி வீட்டை "ரீடிங் ரூம்" ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரு வெள்ளைக்காரர் செருப்புக் காலோடு உட்கார்ந்து புத்தகம் படிக்கிறார். பாவம், அவருக்கு என்ன தெரியும். நாங்கள் முப்பது பேர் முகப்பில் நிற்கிறோம். மேனேஜர் மிக மரியாதையாக, அன்றைக்கு எல்லா அறையும் நிரம்பிவிட்டது, அடுத்த மாதம் வர முடியுமா என்று கேட்டார். எங்கள் அப்பத்தாவைக் கும்பிட நாங்கள் முன்பதிவு செய்ய வேண்டுமாம்.

தம்பி, நீங்களே நடத்தினாலும் சரி, கொடுத்தாலும் சரி, மூன்றை எழுதி வையுங்கள். சாமி வீடு யாருக்கும் கிடையாது, சாவி குடும்பத்திடம். வருடத்தில் படைப்புக்கு இத்தனை நாள் வீடு முழுக்க நம்முடையது. குடும்பத்தில் கல்யாணம், அறுபதாம் வயதுச் சாந்தி என்றால் இத்தனை மாதத்துக்கு முன் சொன்னால் வீடு கிடைக்கும். ஒவ்வொரு பங்காளிக்கும் வளவில் ஓர் அறை இருக்கிறதல்லவா, அதில் எந்தெந்த அறையைக் கொடுக்கிறோம், யார் அறையைக் கொடுக்கவில்லை என்பதையும் பெயர் போட்டு எழுதுங்கள். சண்டை வீட்டுக்காக வராது. அறைக்குள் பூட்டி வைத்திருக்கும் பாத்திரத்துக்காக வரும்.

#9 பத்திரப்புலி

ஆச்சி சொன்னதை அப்படியே ஒப்பந்தத்தில் வைக்கலாம். நான் வைத்தும் இருக்கிறேன். நாள் எண்ணிக்கையோடு, மீறினால் என்ன தொகை என்றும் போட வேண்டும். தொகை இல்லாத வாசகத்தை எந்த நிறுவனமும் படிக்காது.

#10 குழாய்க்காரன்

பத்து அறை, பத்துக் குளியலறை என்று கேட்டிருந்தீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன்.

கழிவறைக் குழாய் நாலு அங்குலம். 40 அடிக்கு ஓரடி சரிவு வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் இருந்து வெளிச்சுவர் வரை 12 அடி என்றால் மூன்றரை அங்குலத்துக்கு மேல் சரிவுக்கே போகிறது. குழாயின் தடிமன், அடியில் கலவை, மேலே ஓடு எல்லாம் சேர்த்தால் குளியலறைத் தரை பத்து அங்குலம் உயரும். வளவு அறையின் வாசல் நிலை ஏற்கெனவே உயரம் குறைவு, எல்லோரும் குனிந்துதான் போகிறோம். உள்ளே இரண்டு படி ஏறிக் குளிக்கப் போக வேண்டும், மேலே உத்திரம் தலையில் இடிக்கும். தரையைத் தோண்டலாம் என்பார்கள். தோண்டினால் அடியில் அஸ்திவாரக் கல், மேலே ஆத்தங்குடிக் கல் அல்லது இத்தாலி சலவைக் கல். அவற்றை உடைக்காமல் எடுப்பது நடக்காத காரியம்.

அதனால் வளவு அறைகளைக் குளியலறைக்குத் தொடாதீர்கள். இரண்டாங்கட்டிலும் அடுப்படிக் கட்டிலும் வெளிச்சுவரை ஒட்டிய அறைகளை மட்டும் தங்கும் அறையாக்குங்கள். இரண்டு சிறிய அறைகளுக்கு நடுவே கதவு திறந்து, ஒன்றைப் படுக்கைக்கும் ஒன்றைக் குளியலுக்கும் வைக்கலாம். குளியலறைகள் முதுகோடு முதுகாக வரட்டும், ஒரே குழாய்ப் பாதை போதும். மாடியில் மரத்தளத்துக்கு மேல் கழிவறை வேண்டவே வேண்டாம். இன்று கசியாது, ஒருநாள் கசியும், கசிவது தெரிவதற்குள் அடியில் உத்திரம் போயிருக்கும்.

தண்ணீர்த் தொட்டியும் அப்படித்தான். ஹோட்டலுக்கு ஒரு படுக்கைக்கு நாளைக்கு 180 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். பத்து அறை, இருபது படுக்கை, 3,600 லிட்டர். அது மூன்றரை டன்னுக்கு மேல். அதைத் தூக்கிப் பழைய சுவரில் வைக்கலாமா? கொல்லையில் தனி மேடை போட்டு, பிரஷர் பம்பு வையுங்கள். செப்டிக் டேங்க் கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி.

வளவில் விழும் மழையை வீணாக்காதீர்கள். ஐயாயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 46,000 லிட்டர். வீடு கட்டியவர்கள் வளவு மூலையில் வடிகாலாகத் தூம்பு வைத்தது சும்மா இல்லை. அந்தத் தூம்பு எங்கே போய்ச் சேருகிறது என்று கண்டுபிடியுங்கள், பல வீடுகளில் நடுவில் மண் அடைத்துக் கிடக்கும்.

#11 வளவுவீட்டுப்பேரன்

அப்படியானால் பத்து இல்லை, ஐந்து அல்லது ஆறுதான் வரும். ஆறு அறையில் கட்டுப்படியாகுமா?

#12 வரவுசெலவு

எத்தனை அறை என்று வீடு சொல்லிவிட்டது, இனி அந்த எண்ணிக்கைக்குப் பொருந்தும் தொழில் எது என்று பார்ப்போம்.

ஆறு அறை, ஓர் இரவு 7,000 ரூபாய், வருடத்தில் நூறில் 40 நாள் நிரம்புகிறது என்று வைப்போம். 146 இரவு × 6 = 876 அறை இரவுகள். 61 லட்சத்துச் சொச்சம். கேட்கப் பெரிதாக இருக்கும். அதில் முன்பதிவுத் தளங்களுக்குக் கமிஷன், ஆட்கள் சம்பளம், சமையல், வணிகக் கட்டண மின்சாரம், ஒவ்வொரு வருடமும் ஓடு மாற்றுவது எல்லாம் போக மிஞ்சுவதைத்தான் ஏழோ ஒன்பதோ பங்காகப் பிரிக்க வேண்டும். 40 என்பது நல்ல கணக்கு, முதல் இரண்டு வருடம் அதை எதிர்பார்க்காதீர்கள். மார்கழி, தை, மாசியில் ஆள் வரும். சித்திரை வெயிலில் யார் வருவார்கள்? கோடி ரூபாய் கடன் வாங்கிச் செய்தால் வட்டிக்கே போய்விடும். கூரையும் சுவரும் குடும்பப் பணத்தில், அறைகள் மட்டும் கடனில் என்று பிரித்தால் மூச்சு விடலாம்.

அறை வாடகை 7,500 வரை ஜிஎஸ்டி 5%, உள்ளீட்டு வரி வரவு (நாம் வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு மேல் 18%. கட்டுமானத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியைப் பொதுவாகத் திரும்ப எடுக்க முடியாது, செலவுக் கணக்கில் முழுதாகச் சேருங்கள். 7,500ஐ ஒட்டி விலை வைக்கும்போது கவனம்.

ஆறு அறை என்பதில் ஒரு வசதியும் இருக்கிறது. மத்தியச் சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே திட்டம் ஆறு அறை வரைக்கும்தான், உரிமையாளர் குடும்பம் அங்கே குடியிருக்க வேண்டும். உங்களில் யாராவது திரும்பி வந்து இருக்கத் தயாரென்றால் அதுதான் சுலபமான தொடக்கம். பாரம்பரிய ஹோட்டல் தரச்சான்று வேண்டுமென்றால் 1950க்கு முன் கட்டியதாக, குறைந்தது ஐந்து அறையாக இருக்க வேண்டும். அதற்கு மேலுள்ள இரண்டு தரத்துக்கும் 1935க்கு முந்தைய கட்டடம், 15 அறை. 1920கள் என்பதற்கு ஆவணம் வைத்திருக்கிறீர்களா? நிலைக்கு மேல் செதுக்கிய வருடம் இருந்தால் படம் எடுத்து வையுங்கள்.

ஹோட்டலாகப் போனால் கட்டடப் பயன்பாட்டு மாற்ற அனுமதி, தீயணைப்புத் துறைச் சான்று, உணவுப் பாதுகாப்பு உரிமம், உள்ளாட்சி உரிமம் எல்லாம் வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும், ஹோம்ஸ்டேக்கும் இது உண்டு.

#13 முன்வாசல்_மேனேஜர்

இப்படிப்பட்ட விடுதி ஒன்றில் வேலை பார்க்கிறேன், பெயர் வேண்டாம். விருந்தாளி பக்கம் இருந்து இரண்டு வார்த்தை.

வருகிறவர்கள் தூணைப் பார்த்து மயங்குவது முதல் அரை மணி நேரம். அப்புறம் அவர்கள் கேட்பது சுடுதண்ணீர், கொசு இல்லாத தூக்கம், படிக்க ஒரு நல்ல விளக்கு. வளவில் ஒருவர் பேசினால் சுற்றியுள்ள எல்லா அறையிலும் கேட்கும், அப்படிக் கேட்க வேண்டும் என்றுதானே கட்டினார்கள். கூட்டுக் குடும்பத்துக்கு அது வசதி, தேனிலவுக்கு வந்தவர்களுக்கு இல்லை. வளவு அறைகளைத் தங்க விடாமல் உட்காரவும் சாப்பிடவும் வைத்துக்கொள்ளுங்கள் என்று குழாய்க்காரர் சொன்னது இந்தக் காரணத்துக்கும் பொருந்தும்.

ஏசி: வெளி யூனிட்டை முகப்பில் மாட்டாதீர்கள், கொல்லைப் பக்கம் கொண்டு போங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரில் வடியாமல் குழாய் வைத்து இறக்குங்கள். இரண்டடிச் சுவர் உள்ள கீழ் அறையில் பங்குனி வரைக்கும் மின்விசிறியே போதும், பலர் ஏசியை அணைத்துவிட்டுத் தூங்குகிறார்கள்.

ஆத்தங்குடிக் கல்லை ஆசிட் ஊற்றிக் கழுவ ஒருநாளும் விடாதீர்கள். அது சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் நிறக் கலவையும் சிமெண்ட்டும் ஊற்றித் தண்ணீரில் ஊறப் போட்டு எடுத்தது. ஒரே கழுவலில் பூ வெளுத்துவிடும். புதிதாகச் சேரும் துப்புரவு ஆளுக்கு முதல்நாளே இதைச் சொல்ல வேண்டும்.

#14 தெக்கத்திக்காண்ட்ராக்டர்

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. மர வீட்டில் ஒழுகலைவிட எனக்கு அதுதான் பயம். பழைய துணி சுற்றிய வயர் கூரை மரத்தோடு ஓடிக்கொண்டிருந்தால் ஒரு கெய்சர் போட்டாலே சூடாகும். முழுசாக எடுத்துவிட்டுப் புதிதாக இழுங்கள், அறைக்குத் தனி எம்சிபி (மின்னோட்டம் மிஞ்சினால் தானாக அணையும் சுவிட்ச்), குளியலறைக்குக் கசிவு மின்சாரம் துண்டிக்கும் ஆர்சிசிபி, சரியான எர்த். சுண்ணாம்புச் சுவரை வெட்டி வயர் புதைக்க வேண்டாம், இரும்புக் குழாயில் சுவர் மேலேயே ஓட்டலாம், அசிங்கமாக இருக்காது. இதில் நான் சுண்ணாம்புக்காரர் கட்சி.

மாடியில் அறை வைத்தால் இரண்டாவது இறங்கும் வழி வேண்டும். இந்த வீடுகளின் மாடிப்படி ஓராள் போகும் அகலம், செங்குத்து, மரம். தீயணைப்புத் துறை கேட்கிறதோ இல்லையோ, அந்தப் படியை நம்பி நான் யாரையும் மேலே தூங்க வைக்க மாட்டேன். கொல்லைப் பக்கம் இரும்பில் தனிப்படி வரட்டும்.

#15 ஊரணிக்கரை

மாற்றுக் கருத்து ஒன்று. கானாடுகாத்தானில் விசாலம், கோத்தமங்கலத்தில் சாரதா விலாஸ், கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், காரைக்குடியில் பங்களா என்று நல்ல முன்மாதிரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. செட்டிநாட்டு ஊர்கள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறிவிட்டன. ஆனால் எல்லா வீடும் விடுதியாக முடியாது, அத்தனை விருந்தாளிக்கு எங்கே போவது? ஒழுகலை நிறுத்தி, மாதம் ஒருமுறை திறந்து காற்றாட விட்டு, முகப்பை மட்டும் கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டே காப்பாற்றும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். அதையும் ஒரு வழியாக எண்ணிப் பாருங்கள். படப்பிடிப்பு என்றால் முன்பணம் வாங்கிக்கொள்ளுங்கள், தூணில் ஆணி அடிப்பார்கள்.

#16 சாவிக்கொத்து_ஆச்சி

ஆணி மட்டுமா. எங்கள் முகப்புச் சுவரில் போலீஸ் ஸ்டேஷன் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

#17 முனீஸ்வரன்கோயில்தெரு

வேலை தொடங்கும் முன் வீட்டிலுள்ள பொருளுக்குப் பட்டியல் போடுங்கள், அறை அறையாக, படத்தோடு. வேலை நடக்கும் வீட்டில்தான் பொருள் காணாமல் போகும். பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா அச்சுப் படம், பித்தளைத் தவலை, எனாமல் தூக்கு எல்லாம் எங்கள் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு எப்படி வந்து சேருகின்றன என்று நினைக்கிறீர்கள்? பழைய கணக்கேடு, ஓலைச்சுவடி இருந்தால் குப்பை என்று எரிக்க விடாதீர்கள். நூறு வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளும் 75 வருடத்துக்கு மேற்பட்ட சுவடியும் 1972 சட்டப்படி தொல்பொருள் ஆகலாம், வெளிநாட்டுக்கு எடுத்துப் போக முடியாது. கோலாலம்பூர் பங்காளிகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

#18 வளவுவீட்டுப்பேரன்

எல்லோருக்கும் நன்றி. அத்தைமார் இருவரிடமும் பேசிவிட்டேன். பெரிய அத்தை சிரித்துவிட்டு, "கேட்டதே போதும், ஆனால் கையெழுத்தும் போடுவேன், பங்கும் எடுப்பேன்" என்றார். ஆக ஒன்பது பங்கு. குடும்பக் குழுவில் முடிவானது இவ்வளவுதான்: ஹோட்டல் நிறுவனத்துக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு இந்த ஆவணிக்குள் இரண்டாங்கட்டுக் கூரை. மற்றதெல்லாம் பாகப்பத்திரம் பதிவான பிறகு. விற்கச் சொன்ன அண்ணன் பணம் தரவில்லை, தடுக்கவும் இல்லை.

கூரைமேல்காக்கை அண்ணே, சொன்னபடி ஸ்குரூடிரைவர் வைத்துப் பார்த்தோம். மூலைக் கைமரம் இரண்டில் முனை போய்விட்டது, ஒன்றில் ஒன்றரை அடி, மற்றதில் மூன்றடி. மூன்றடியை ஒட்டுப் போட்டால் தாங்குமா?

#19 கூரைமேல்காக்கை

மூன்றடி போனதை ஒட்டு மட்டும் நம்பி விடாதீர்கள். ஒட்டுக்கு அடியில் சுவரிலிருந்து ஒரு கல் தாங்கியோ, பக்கவாட்டில் இருபுறமும் இரும்புப் பட்டையோ கொடுத்து போல்ட் போட வேண்டும். ஒரு கட்டமைப்புப் பொறியாளரை வரச் சொல்லிப் பாருங்கள், பழைய மரக்கூரை பார்த்தவராக இருக்கட்டும். கைமரம் உட்காரும் குழியைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு, காற்றுப் போக வழி வைத்து மூடுங்கள். சிமெண்ட் வைத்து இறுக்கினால் புதிய முனையும் போய்விடும்.

தகடு செம்பிலேயே போடுங்கள். கழற்றிப் போகாமல் இருக்க, மேலே இரண்டு வரிசை ஓட்டைச் சுண்ணாம்பில் பதித்துவிடச் சொல்லுங்கள். பிரிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.